நாற்பதுக்கு அப்புறம் எதை நிறுத்துவது? – அழகுக் கேள்வி பதில்

'வயது ஏற ஏற அழகுப் பராமரிப்பை எப்படி மாற்றிக்கொள்வது? கேளுங்கள்' என்று சென்ற இதழில் அறிவிப்பு வந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'புதிதாக என்ன வாங்கட்டும்?' என்றே கேட்கின்றன. மதுரையில் முப்பது வருடத்துக்கு மேலாக பார்லர் நடத்துகிறேன், விற்றுப் பிழைப்பவள்தான். ஆனாலும் இந்த முறை என் பதில்களில் பாதி 'அதை நிறுத்துங்கள்' என்றுதான் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு 47 வயது. பள்ளி ஆசிரியை. கல்லூரிக் காலத்திலிருந்து ஒரே பழக்கம்தான். காலையும் மாலையும் சோப்பு, வெள்ளிக்கிழமை கடலை மாவில் எலுமிச்சை பிழிந்து தேய்ப்பேன், அப்புறம் பவுடர். எப்போதும் எண்ணெய் வழியும் முகம் என்னுடையது. இரண்டு வருடமாகக் குளித்து வந்ததும் முகம் இழுத்துப் பிடிக்கிறது, கன்னம் அரிக்கிறது. அதே சோப்பு, அதே மாவு. ஏன் இப்படி?
– வாசகி, தேனி

சோப்பு மாறவில்லை டீச்சர், முகம் மாறிவிட்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயதே 46, 47தான். நிற்பதற்குச் சில வருடம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். அது குறையக் குறைய தோலில் எண்ணெய் சுரப்பதும் குறையும், தோலும் மெலியும். மாதவிலக்கு நின்ற முதல் 5 வருடத்திலேயே தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இருபது வயதில் ஏறக்குறைய 28 நாளில் மேல்தோல் புதிதாகிவிடும். இப்போது அதற்கு நாற்பது நாளுக்கு மேல் ஆகலாம். அதாவது நீங்கள் தேய்த்து உரிப்பதைத் தோல் திரும்பக் கட்டிக்கொள்வதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது.

சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தோலின் இயல்பு லேசான புளிப்புத்தன்மை. பிஹெச் அளவில் 5 பக்கம். சாதாரண சோப்பு காரம், 9, 10. எண்ணெய் வழிந்த காலத்தில் அது உங்களுக்கு வசதியாக இருந்தது. இப்போது இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் வழித்துவிடுகிறது. போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், சோப்பு நுரைக்காமல் தோலில் படிந்து நிற்கும். உறையில் டிஎஃப்எம், அதாவது கொழுப்புப் பொருளின் அளவு, 76 சதவீதம் என்று பெருமையாகப் போட்டிருந்தாலும் அது சோப்புதான். மெடிக்கல் கடையில் 'சின்டெட் பார்' என்றோ 'ஜென்டில் கிளென்சர்' என்றோ கேளுங்கள். அதையும் இரவில் ஒரு தடவை போட்டால் போதும். காலையில் வெறும் தண்ணீர்.

கடலை மாவை விடுங்கள், எலுமிச்சையை அடியோடு விடுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்துப்போகும். எலுமிச்சைத் தோலைக் கன்னத்தில் தேய்த்துவிட்டு மொட்டை மாடியில் வற்றல் காயப் போட்டு, அந்தக் கறுப்போடு என்னிடம் வருகிறவர்கள் வருடா வருடம் உண்டு. மாவு இல்லாமல் மனது கேட்காது என்றால் பயத்தம் மாவை மெல்லிய துணியில் சலித்து, பாலில் குழைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, தேய்க்காமல் பூசிக் கழுவுங்கள். காய்ந்து வெடிக்கும்வரை வைத்திருக்க வேண்டாம். ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

நீங்கள் புதிதாகச் சேர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முகம் துடைத்து ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். கிளிசரின், செரமைடு என்று உறையில் இருந்தால் போதும். இருநூறு, முந்நூறு ரூபாயில் நல்லதாகவே கிடைக்கிறது. கண்ணாடிக் குப்பியும் தங்க மூடியும் இருக்கிறது என்று ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன்: கை, கால், உடம்புக்குத் தாராளமாக. எண்ணெய் முகமாக இருந்தவர்களுக்கு முகத்தில் துளைகளை அடைத்துப் பரு வரலாம்.

ஆறு வாரம் கழித்தும் அரிப்பு நிற்கவில்லை என்றால் தைராய்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வறண்ட தோல், முடி கொட்டுதல், சோர்வு மூன்றும் சேர்ந்து வந்தால் அது என் துறை இல்லை.

வயது 52. இரண்டு கன்னத்திலும் மங்கு. தெரு முனை மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது, எல்லோரும் கேட்டார்கள். நிறுத்தினால் சிவந்து எரிகிறது, மங்கு முன்னைவிடக் கறுக்கிறது. அதனால் இரண்டு வருடமாக நிறுத்தாமல் போடுகிறேன். வேறு நல்ல க்ரீம் சொல்லுங்கள் அக்கா.
– பெயர் வேண்டாம், சிவகாசி

வேறு க்ரீம் சொல்ல மாட்டேன். அந்த டியூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று இன்னும் இரண்டு சேர்ந்திருக்கும். இது மருந்து. டாக்டர் சில வாரத்துக்குத் தருவார், அப்புறம் நிறுத்தச் சொல்வார். இரண்டு வருடம் பூசினால் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, நரம்பு சிவப்பாகத் தெரிந்து, பருவும் ரோமமும் வரும். நிறுத்தினால் எரிகிறது என்கிறீர்களே, தோல் அந்த மருந்துக்குப் பழகிப் போனதன் அடையாளம் அது. இப்படிக் கெட்டுப்போன முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தோல் மருத்துவர்கள் குரல் கொடுத்தார்கள்; 2018இல் மத்திய அரசு, டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த வகைக் க்ரீம்களை விற்கக் கூடாது என்று விதியை இறுக்கியது. தெரு முனைக் கடைக்கு அந்த விதி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டியூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாக இறக்குவார். செலவுக்குப் பயந்தால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையில் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பெயரே தெரியாத, உறையில் என்ன இருக்கிறது என்று எழுதாத சிவப்பழகு க்ரீம்கள் இன்னொரு ஆபத்து. 2023இல் கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்தபோது, பலரும் பாதரசம் கலந்த இப்படிப்பட்ட க்ரீமைப் பூசியவர்கள் என்று தெரிந்தது. முகத்தில் பூசியது கிட்னியைக் கெடுத்திருக்கிறது.

மங்கு விஷயத்தில் உங்கள் கையில் இருப்பது வெயிலைத் தடுப்பது. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30 போதும். அது புறஊதாக் கதிரில் பி வகையை 97 சதவீதம் தடுக்கிறது, 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். ஏ வகைக் கதிருக்கு 'பிஏ' என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டிருப்பார்கள், குறைந்தது மூன்று குறி இருக்கட்டும். இந்த ஏ வகை ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் கூடுதலாகக் கறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மங்கு உள்ளவர்கள் நிறமூட்டிய சன்ஸ்கிரீனாக வாங்குங்கள். அதில் உள்ள அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். அந்த வெளிச்சமே நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டுகிறது. அளவு, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகம், கழுத்துக்கு. ஐம்பது கிராம் டியூப் உங்களுக்கு நான்கு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவில்லை, பொட்டு வைக்கிறீர்கள்.

மங்கு முழுசாகப் போய்விடுமா என்றால், பலருக்குப் போவதில்லை. வெளிறும். சித்திரையில் கொஞ்சம் கூடும், மார்கழியில் குறையும். அதோடு வாழ்கிறவர்கள் என் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர்.

எனக்கு 34 வயது. இப்போதே வயதைத் தடுக்கும் சீரம் போட ஆரம்பிக்கலாமா? தோழி ஏழு பாட்டில் வைத்திருக்கிறாள்.
– வாசகி, கோவை

தோழி ஆறு பாட்டிலை அலமாரியில் வைக்கட்டும். பகலில் சன்ஸ்கிரீன் ஒழுங்காகப் போட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ரெட்டினால் என்கிற வைட்டமின் ஏ வகை சீரம் ஒன்று. வாரம் இரண்டு இரவு, ஒரு பட்டாணி அளவு, மாய்ஸ்சரைசருக்கு மேல். உரிந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ தொடவே கூடாது. ரெட்டினால் போடும் நாட்களில் பார்லரில் முக வேக்ஸிங் செய்யாதீர்கள், மேல்தோல் பட்டையோடு சேர்ந்து வந்துவிடும். த்ரெடிங்குக்கு வந்தாலும் முதலில் சொல்லிவிடுங்கள். எங்கள் பெண்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.

வயது 60. முப்பது வருடமாகத் தலைக்கு டை அடிக்கிறேன், ஒன்றும் செய்ததில்லை. போன மாதம் அடித்த மறுநாள் நெற்றியோரம் அரித்து, கண் இமை இரண்டும் வீங்கிவிட்டது. இப்போது 'கறுப்பு மருதாணி' பாக்கெட்டுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். பேத்தி பூப்பு நீராட்டு விழா தை மாதம் வருகிறது.
– வாசகி, காரைக்குடி

மாறாதீர்கள் ஆச்சி! அந்தக் கறுப்புப் பாக்கெட்டில் இருப்பதும் பெரும்பாலும் உங்கள் பழைய டையில் இருந்ததேதான். பாராஃபினைலின்டையமின், சுருக்கமாக பிபிடி. மருதாணி இலை எத்தனை மணி நேரம் வைத்தாலும் செம்பட்டைதான் தரும். அரை மணியில் கன்னங்கரேல் என்று ஆக்கும் எதிலும் ரசாயனம் உண்டு, பாக்கெட்டில் இலைப் படம் போட்டிருந்தாலும்.

முப்பது வருடம் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன் செய்தது என்று கேட்பீர்கள். ஒவ்வாமை அப்படித்தான், உடம்பு எத்தனையோ தடவை பொறுத்துவிட்டு ஒரு நாள் மாட்டேன் என்று சொல்லும். சொல்லிவிட்டால் பிபிடி விஷயத்தில் பெரும்பாலும் ஆயுளுக்கும் அதுதான். அடுத்த தடவை இமையோடு நிற்காமல் முகமே வீங்கலாம், மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிதான். 'அம்மோனியா இல்லாதது' என்று விற்பதை நம்பி இறங்காதீர்கள். அம்மோனியா வேறு, பிபிடி வேறு.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மருதாணியும் அவுரியும். நாட்டு மருந்துக் கடையில் அவுரி இலைப் பொடி என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் மருதாணிப் பொடியைக் குழைத்து மூன்று மணி நேரம் வைத்து, ஷாம்பு இல்லாமல் அலசுங்கள். தலை செம்பட்டையாக நிற்கும். பயப்படாமல் அடுத்து அவுரியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பூசிவிடுங்கள். குழைத்து வைத்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போனால் சாயம் செத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து அலசினால் பச்சை கலந்த மாதிரி தெரியும். இரண்டு நாளில் ஆழ்ந்த பழுப்பாகவோ கறுப்பாகவோ இறங்கும். தலை முழுதும் பூசும் முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள், பொடியிலும் கலப்படம் உண்டு. இமை வீக்கம் முழுதாக அடங்கி டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் இதெல்லாம்.

இன்னொன்று, நரையை அப்படியே விடுவது. எனக்கு இதுதான் பிடிக்கும், என் தலையே அப்படித்தான் இருக்கிறது. கஷ்டம் நடுவில் வரும் இரண்டு நிறக் காலம். முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட வளரும், முதுகுவரை கூந்தல் என்றால் வருடக்கணக்காகும். தோள்வரை வெட்டிக்கொண்டால் சீக்கிரம் தாண்டலாம். வெட்ட மனம் வராவிட்டால் வகிட்டை மாற்றி எடுத்து, கொண்டை போட்டு, பூவை வகிட்டுப் பக்கம் ஏற்றி வையுங்கள். நரைத்த முடி சொரசொரவென்று நிற்கும்; வாரம் ஒரு தடவை நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வைத்து அலசினால் படியும். மஞ்சள் பாய்ந்து தெரிந்தால் ஊதா நிற ஷாம்பு கிடைக்கிறது, மாதம் இரண்டு தடவை போதும். விழாவில் வெண்பட்டும் பச்சைக் கரையும் கட்டி, தலை வெளுத்து, ஒரு முழம் மல்லிகையோடு நின்று பாருங்கள். செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கு முன்னால் அதற்கு மேல் ஒரு போட்டோ வேண்டுமா?

ஐயா, அம்மா, யார் பதில் சொன்னாலும் சரி. வயது 58. தலை நரைத்தது பற்றிக் கவலை இல்லை. மீசை மட்டும் வெள்ளையாக இருப்பது பிடிக்கவில்லை. டை அடித்தால் உதட்டுக்கு மேல் தோலும் கறுக்கிறது.
– வாசகர், விருதுநகர்

வெள்ளைத் தலைக்குக் கீழே கரிக்கட்டையாக மீசை இருந்தால் ஊரே மீசையைத்தான் பார்க்கும். டை அடித்தே தீருவேன் என்றால் கறுப்பு வேண்டாம், பழுப்பு. தோலில் முதலில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மூக்குக்கும் வாய்க்கும் அருகே பூசும் பொருள் என்பதால், முன் பதிலில் சொன்ன 48 மணி நேரச் சோதனை உங்களுக்குத்தான் முதலில். இல்லை என்றால் கத்தரித்துக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள் சார், பாதி நரை தெரியாது.

எனக்கு 68 வயது. காதுத் துளை நீண்டு இறங்கிவிட்டது, ஒரு பக்கம் அறுந்துவிடும் போலிருக்கிறது. பேரன் கல்யாணத்துக்கு எடுத்த ஜிமிக்கியைப் போட முடியவில்லை. 'ஆபரேஷன் இல்லாமல் காது ஒட்டப்படும்' என்று இங்கே ஒரு பார்லரில் போர்டு தொங்குகிறது. போகலாமா?
– வாசகி, திண்டுக்கல்

போகாதீர்கள் அம்மா. அந்த போர்டு எனக்கும் தெரியும். துளையின் உள்விளிம்பில் அமிலத்தைத் தொட்டுப் புண்ணாக்கி, பிளாஸ்திரி போட்டு ஒட்ட வைப்பார்கள். டாக்டர் கையில் அது வைத்தியம். பார்லரில், அளவு தெரியாத கையில், காது மடலே வெந்து போகும். சர்க்கரை இருந்தால் புண் ஆறாமல் நாறும்.

பிளாஸ்டிக் சர்ஜனோ காது மூக்கு தொண்டை டாக்டரோ மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி, முக்கால் மணியில் தைத்துவிடுவார். அன்றே வீட்டுக்கு வரலாம். புதிதாகத் துளை போடச் சில மாதம் காத்திருக்க வேண்டும், தையல் தழும்பின் மேலேயே போடாமல் சற்றுத் தள்ளிப் போடுவார்கள். கல்யாணம் அதற்குள் வந்துவிடும் என்றால் ஜிமிக்கியின் எடையை மாட்டல் தாங்கட்டும். மடலைத் தொங்க விடாமல், மாட்டலின் கொக்கியைக் காதுக்கு மேலே முடியில் இறுக்கிக் குத்துங்கள். காதின் பின்பக்கம் ஒட்டும் ஒளிபுகும் பட்டைகளும் ஃபேன்சி ஸ்டோரில் இருக்கின்றன. விருந்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அதோடு படுக்காதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பாட்டிகள் தண்டட்டி போட்டுக் காதை வேண்டுமென்றே தோள்வரை இறக்கிக்கொண்டவர்கள். நாம்தான் பாவம், வெறும் இரண்டு பவுனுக்கே பயப்படுகிறோம்.

61 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர் தவறி மூன்று வருடம் ஆகிறது. முன்பு தினமும் கண் மை, லேசாக லிப்ஸ்டிக் போடுவேன். இப்போது போட்டால் நாத்தனார் ஜாடையாகப் பேசுகிறார், மகள் போடச் சொல்கிறாள். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருச்சி

போடுங்கள். பொட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியும், எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

போடுவதில் இரண்டு மாற்றம் மட்டும். இந்த வயதில் கண்ணில் ஈரம் குறையும், இமைக்குள் மை இழுத்தால் உறுத்தி வழியும். உள்ளே இழுக்காமல் மேல் இமை ரோமத்தின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போதும். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய பழைய மை டப்பா இன்னும் இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். லிப்ஸ்டிக்கில் மேட் வகை உதட்டை உலர்த்தி, ஓரச் சுருக்கங்களில் கசிந்து நிற்கும். க்ரீம் வகையாக வாங்கி, அதே நிறப் பென்சிலால் முதலில் ஓரம் கட்டிவிட்டு உள்ளே நிரப்புங்கள். உதட்டின் இயல்பு நிறத்தைவிட ஒரு படி சிவப்பு. வங்கிக்குப் போன நாளில் எந்த நிறமோ அதுவேகூட இருக்கட்டும்.

வயது 55. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். வெண்குஷ்டமோ என்று பயந்து யாரிடமும் காட்டவில்லை. பெரிய பொட்டாக வைத்து மறைக்கிறேன்.
– வாசகி, தஞ்சாவூர்

மறைக்கும் பொட்டுதான் அதைப் பெரிதாக்குகிறது. சில ஸ்டிக்கர்களின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்று ஒரு ரசாயனம் இருக்கும், அது தோலுக்கு நிறம் தரும் செல்களைக் கொல்லும். பொட்டின் அளவுக்கே வட்டமாக வெளுப்பது அதனால்தான் இருக்கும். இன்றே நிறுத்துங்கள். சீக்கிரம் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. தோல் மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிடட்டும். உங்களுக்கு வந்திருப்பது தொழுநோய் இல்லை, இந்த வெள்ளை யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளி என்றே ஆனாலும் அதுவும் ஒட்டாது. நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாது என்றால் வெளுத்த இடத்தை விட்டுத் தள்ளிக் கொஞ்சம் மேலே விபூதி வையுங்கள்.

தாடையில் கம்பி மாதிரி நான்கைந்து ரோமம். வயது 50. மகள் ஷேவ் செய் என்கிறாள். செய்தால் தடிமனாக வளரும் என்கிறார்களே?
– வாசகி, சேலம்

வளராது. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகப் படுகிறது. நான்கைந்துக்கு ட்வீஸரே போதும், குளித்த பிறகு பிடுங்கினால் வலி குறைவு. ஆனால் சில மாதத்துக்குள் மளமளவென்று தாடி, மீசை, குரல் கட்டை என்று மாறினால் மகப்பேறு மருத்துவரிடம் போய் ஹார்மோன் பாருங்கள்.

அம்மாவுக்கு 57. கழுத்தைச் சுற்றி கறுத்து வெல்வெட் மாதிரி தடித்திருக்கிறது, சின்னச் சின்ன மருவும். எவ்வளவு தேய்த்தாலும் அழுக்கு போகவில்லை. பார்லரில் எடுக்க முடியுமா?
– வாசகி, தூத்துக்குடி

அது அழுக்கே இல்லை கண்ணு. பாவம், அம்மாவை இனித் தேய்க்காதே. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்திலும் அக்குளிலும் இப்படித் தடித்துக் கறுக்கும். பாலுண்ணியும் கூட வரும். முதலில் வெறும் வயிற்றில் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும். எடை கொஞ்சம் குறைந்து சர்க்கரை கட்டுக்கு வந்தாலே கழுத்து வெளுக்கும். மருவில் சுண்ணாம்பு வைப்பது, தலைமுடியால் கட்டி அறுப்பது எல்லாம் வேண்டாம். டாக்டர் ஒரு நிமிடத்தில் சுட்டு எடுத்துவிடுவார்.

சர்க்கரை இருக்கிறது என்று வந்தால் இன்னொன்று: பார்லரில் பெடிக்யூர் செய்யும்போது பாதத்தில் பிளேடு போட விடக் கூடாது. பித்த வெடிப்புக்கு இரவில் கால் கழுவித் துடைத்து, யூரியா கலந்த க்ரீம் பூசி, பருத்திக் காலுறை.

வயது 54. ஆவணியில் மகள் கல்யாணம். மேக்கப் போடச் சொல்கிறார்கள். போன வருடம் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் போட்டபோது முகம் சுவர் மாதிரி வெடித்து, போட்டோவில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவள் எப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும்?
– வாசகி, ஈரோடு

குறைவாக. வெடித்ததற்குக் காரணம் பவுடர். சுருக்கத்துக்குள் பவுடர் இறங்கி, வியர்வை பட்டு, மேடும் பள்ளமுமாக நின்றிருக்கும். மேக்கப் போட வருகிற பெண்ணிடம் இப்படிச் சொல்லுங்கள்: முதலில் மாய்ஸ்சரைசர், கால் மணி நேரம் விட வேண்டும். ஃபவுண்டேஷன் மெல்லியதாக, கன்னத்தில் மட்டுமில்லாமல் கழுத்திலும் வைத்துப் பார்த்து என் நிறத்திலேயே. ஒரு படி வெளுப்பாக எடுத்தால்தான் போட்டோவில் நன்றாக விழும் என்று அடம் பிடிப்பாள், விடாதீர்கள். சாம்பல் பூத்த முகமும் மாநிறக் கையுமாகத் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பீர்கள், ஆல்பம் முழுக்க. பவுடர் மூக்கிலும் நெற்றி நடுவிலும் மட்டும், கண்ணுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கன்னச் சிவப்பு க்ரீம் வகையில். புருவம் வயதோடு மெலியும், அதைக் கறுப்பில் நிரப்பினால் கோபக்காரி மாதிரி இருக்கும், கரும்பழுப்பு சரி. ஜிகினா இமையில் வேண்டாம். சுருக்கத்தைக் கோடு போட்டுக் காட்டும்.

பிளீச் செய்யலாமா என்று கேட்காதீர்கள், இந்த வயதுத் தோலுக்கு நான் செய்வதில்லை. ஃபேஷியல் செய்வதானால் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால். முந்தின நாள் செய்துவிட்டுச் சிவந்துபோய் வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. த்ரெடிங் மூன்று நாள் முன்னால்; தோல் தளர்ந்திருப்பதால் மேலேயும் கீழேயும் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லை என்றால் நூல் தோலையும் கடித்துவிடும். கண் மை, மஸ்காரா தண்ணீருக்குக் கரையாத வகையாக இருக்கட்டும், தாரை வார்க்கும்போது எப்படியும் அழப்போகிறீர்கள்.

கட்டாயம் ஒரு டிரையல் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்குப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று வழக்கம்போலச் சமைத்து, மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்தில் மகளை விட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அதில் வெடிக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கே முன்பணம் கொடுங்கள். வெடித்தால் வேறு ஆள் பாருங்கள், ஆவணிக்கு எல்லோரும் சீக்கிரம் புக் ஆகிவிடுவார்கள்.